ஜாடியில் இருக்கும் உப்பு ஏன் கசிகிறது?

[காட்சி: சமையலறை மேடை. மூடி போட்ட பீங்கான் ஜாடி. ஒரு கை மூடியைத் திறக்கிறது.]

ஐப்பசி பிறந்து நான்கு நாள் விடாமல் மழை பெய்தால் போதும், கல்லுப்பு ஜாடியின் அடியில் தண்ணீர் கட்டிவிடும். யாரும் ஒரு சொட்டுகூட ஊற்றியிருக்க மாட்டார்கள். "உப்பு கசிந்துவிட்டது" என்று வீட்டில் சொல்வார்கள். அந்த ஈரத்தை விரல்நுனியில் தொட்டு நாக்கில் வையுங்கள். கரிப்பின் பின்னாலேயே ஒரு கசப்பு வரும். உப்புக்கு ஏது கசப்பு? அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனாலே தனிமம், சேர்மம், கலவை என்ற மூன்று சொற்களும் புரிந்துவிடும். பாடப்புத்தகத்தின் வரையறையை மனப்பாடம் செய்வதைவிட இந்த வழி எனக்குப் பிடித்திருக்கிறது.

[காட்சி: தூத்துக்குடி உப்பளம், உச்சி வெயில். பாத்தி பாத்தியாக நீர்.]

ஒரு கிலோ கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. 'உப்புகள்' என்று பன்மையில் சொல்வதைக் கவனியுங்கள். நாம் சோற்றில் போடும் சோடியம் குளோரைடு அதில் ஏறத்தாழ 27 கிராம். மீதியில் மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் ஆகியவற்றின் உப்புகள் இருக்கின்றன. இவை ஒன்றோடொன்று கலந்திருந்தாலும் எதுவும் தன் குணத்தை விடவில்லை. கலவை என்றால் இதுதான். அளவும் ஊருக்கு ஊர் மாறும். செங்கடலில் ஒரு கிலோ நீருக்கு 40 கிராம் வரை உப்பு உண்டு. பால்டிக் கடலின் பெரும்பகுதியில் 10 கிராம்கூட இல்லை. இரண்டும் கடல்நீர்தான்.

உப்பளத்தில் வேலை செய்பவர்கள் இந்தக் கலவையை வெயிலையும் காற்றையும் மட்டும் வைத்துக்கொண்டு பிரித்துவிடுகிறார்கள். நீரின் அடர்த்தியை 'போமே' என்ற அளவுகோலின் டிகிரியில் அளக்கிறார்கள், இது வெப்பத்தின் டிகிரி அல்ல. கடலிலிருந்து வரும்போது அது சுமார் 3 டிகிரி. ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற மாற நீர் வற்றி டிகிரி ஏறும். முதலில் சுண்ணாம்பு படியும். 13 டிகிரியைத் தாண்டினால் ஜிப்சம் ஊசி ஊசியாகத் தரையில் ஒட்டும். அதுவரை சோடியம் குளோரைடு கரைந்தே கிடக்கும். நீர் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கி 25 டிகிரியைத் தொடும்போதுதான் அதன் முறை வரும்.

[காட்சி: மிக அருகில், பாத்தியின் நீர்ப்பரப்பு.]

இங்கே கொஞ்சம் நின்று பாருங்கள். பால் ஆறும்போது ஏடு கட்டுமே, அதுபோல நீரின் மேல் மெல்லிய வெள்ளைப் படலம் மிதக்கிறது. லென்ஸ் வைத்துப் பார்த்தால் அத்தனையும் சின்னச் சின்னச் சதுரங்கள். பாரம் தாங்காமல் ஒவ்வொன்றாக அடியில் இறங்குகின்றன. பிறகு அவற்றை வாரிக் கரையில் குவிக்கிறார்கள். கால் வெடிக்கும் உப்புநீரில் நின்று, கண்கூசும் வெள்ளையில் செய்கிற வேலை அது. ஒவ்வொரு பொருளையும் அதனதன் நேரத்தில் தனியே எடுக்கிற இந்த நுட்பத்துக்கு வேதியியலில் பின்னப் படிகமாக்கல் என்று பெயர்.

சுமார் 29 டிகிரிக்கு மேல் போனால் மீதமிருக்கும் நீரை வெளியேற்றிவிட வேண்டும். அதில் மக்னீசியம் உப்புகள் செறிந்திருக்கின்றன. வாயில் வைக்க முடியாத கசப்பு. நம் ஜாடியின் கசப்புக்கு ஊர் இதுதான்.

[காட்சி: உள்ளங்கையில் ஒரே ஒரு உப்புக்கல்.]

சரி, வெயில் இவ்வளவையும் பிரித்துவிட்டதே, இந்தக் கல்லை இன்னும் காயவைத்தால் சோடியம் தனியே, குளோரின் தனியே பிரியுமா? பிரியாது. 801 டிகிரி செல்சியஸில் உப்பு உருகும். அப்போதும் அது சோடியம் குளோரைடுதான். ஏனென்றால் இது கலவை அல்ல, சேர்மம். 100 கிராமில் ஏறத்தாழ 39 கிராம் சோடியம், 61 கிராம் குளோரின். தூத்துக்குடி உப்பானாலும், கட்ச் உப்பானாலும், பாகிஸ்தானின் கேவ்ரா சுரங்கத்தில் வெட்டும் பாறை உப்பானாலும், அதிலிருக்கும் சோடியம் குளோரைடில் இந்த விகிதம் இம்மியும் மாறாது. கேவ்ரா உப்பின் இளஞ்சிவப்பு, கூடவே கலந்திருக்கும் இரும்பு ஆக்சைடு தருவது.

[காட்சி: மண்ணெண்ணெயில் மூழ்கிய சோடியத் துண்டு.]

சோடியம் ஒரு உலோகம். கத்தியால் வெண்ணெய்போல் வெட்டலாம். வெட்டிய முகம் வெள்ளியாய் மின்னி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மங்கிவிடும். காற்றும் ஈரமும் படாமல் மண்ணெண்ணெயில் வைத்திருப்பது அதனால்தான். தண்ணீரில் போட்டால் உருகி உருண்டையாகிச் சீறிக்கொண்டு ஓடும். துண்டு பெரிதென்றால் வெடிக்கும். குளோரின், பச்சை கலந்த மஞ்சள் நிற வாயு. 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ர போர்க்களத்தில் ஜெர்மானியப் படை திறந்துவிட்டது இதைத்தான். பதுங்குகுழிகளில் இருந்தவர்களின் நுரையீரலை அது அரித்தது.

இந்த இரண்டும் சேர்ந்துதான் ரசத்துக்கு ருசி தருகின்றன. சேரும்போது சோடியம் அணு தன் எலக்ட்ரான் ஒன்றைக் குளோரினிடம் கொடுத்துவிடுகிறது. அதன்பின் இரண்டுமே மின்னூட்டம் பெற்ற அயனிகள். பழைய குணம் இரண்டிடமும் இல்லை. சதுரங்கப் பலகையின் கறுப்பு வெள்ளைக் கட்டங்களைப் போல மாறி மாறி அடுக்கி நிற்கின்றன. பாத்தியில் மிதந்த சதுரங்களின் வடிவம் இந்த அடுக்கிலிருந்து வந்தது.

அந்தப் பிணைப்பை அவிழ்க்க வெயில் போதாது, மின்சாரம் வேண்டும். 1807-இல் லண்டனில் ஹம்ப்ரி டேவி எரிசோடாவில் மின்சாரம் பாய்ச்சி முதன்முதலாகச் சோடியத்தைத் தனியே எடுத்தார். குளோரினை ஸ்வீடனில் ஷீலே 1774-இலேயே தயாரித்துவிட்டார். ஆனால் அதற்குள் ஆக்சிஜன் ஒளிந்திருக்கிறது, ஆகவே அது சேர்மம் என்றே வேதியியலாளர்கள் பலர் நம்பினார்கள். எவ்வளவு முயன்றும் அதிலிருந்து ஆக்சிஜனை எடுக்க முடியவில்லை. 1810-இல் டேவிதான் அது தனிமம் என்று அறிவித்து, பெயரும் வைத்தார். வேதிவினை எதுவும் அதற்கு மேல் உடைக்க முடியாதது தனிமம். குளோரின் அப்படிப்பட்டது என்பதை அந்தத் தோல்விகளே காட்டின.

[காட்சி: மீண்டும் ஜாடி.]

இனி கசிவுக்கு வருவோம். தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். பாத்தியின் கசப்பு நீர் கல்லுப்பின் மேல் மெல்லிய பூச்சாக ஒட்டியிருக்கிறது. மழைக்காலத்துக் காற்றிலிருந்து தண்ணீரை முதலில் குடிப்பது அதுதான்.

அதைக் கழுவிவிடலாம். வெறும் தண்ணீரில் கழுவினால் உப்பும் கரைந்து போகும். ஆலைகளில் உப்பை உப்புநீரிலேயே கழுவுகிறார்கள். இனி ஒரு கல்லும் கரையாது என்ற அளவுக்கு உப்புக் கரைத்த நீர் அது. சோடியம் குளோரைடுக்கு அதில் இடம் இல்லை, மக்னீசியத்துக்கு இருக்கிறது. வீட்டில் செய்ய ஒரு கிண்ணமும் வடிகட்டியும் போதும். உப்பு அடியில் தங்கி நிற்கும்வரை ஒரு டம்ளர் தண்ணீரில் கரையுங்கள். தெளிந்த நீரைக் கல்லுப்பின் மேல் ஊற்றி, அலசி, வடித்து, வெயிலில் உலர்த்துங்கள். வடித்த நீரில் ஒரு சொட்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், கசக்கும்.