மாயவரம் டு யாழ்ப்பாணம்: ரயில், கப்பல், மறுபடியும் ரயில்

எல்லாருக்கும் வணக்கம், குரல் கரகரன்னு இருக்கும் கண்டுக்காதீங்க, ராத்திரி பூரா தூக்கம் இல்ல. யாழ்ப்பாணம் வந்தாச்சு மக்களே! ஃபேன் சத்தம் கேக்குதா? ஆஃப் பண்ணா வேர்த்து ஊத்துது, அதனால சத்தத்தோடயே பாருங்க.

முதல்ல அந்த எடை மெஷின் கதைய சொல்லிடறேன், இல்லன்னா எனக்கு மனசு ஆறாது. நாகப்பட்டினம் துறைமுகத்துல பைய மெஷின்ல வெச்சா ஒன்னே முக்கா கிலோ கூட காட்டுது. ஒன்னே முக்கா! அதுக்குத் தனியா காசு கட்டணுமாம். கவுன்டர்ல இருந்த தம்பி மரியாதையாத்தான் பேசுனாரு, அவர் மேல கோவம் இல்ல, ஆனா எனக்குப் பின்னாடி நின்ன அண்ணன் என்னைவிட முப்பது கிலோவாவது கூட இருப்பாரு, அவர யாரும் மெஷின்ல ஏத்தலையே? என்னங்க நியாயம் இது?

பையில என்ன கனம்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும். பித்தளை ஃபில்டர், டபரா செட்டு, அரைக் கிலோ காபிப் பொடி, எதுக்கு இதெல்லாம் தூக்கிட்டு அலையறன்னு ஊட்டி வீடியோல கமென்ட்ல வந்து திட்டுனீங்களே அதே சாமான்தான். கூட இந்தத் தடவை ஒரு டப்பா திருவையாறு அசோகா அல்வா. அசோகாவ விட்டுட்டு வர்ற பேச்சுக்கே இடமில்ல. அப்படியே ஓரமா உக்காந்தேன், ஃபில்டர எடுத்து கேமரா பையில திணிச்சேன், பவர் பேங்க் ரெண்டும் பேன்ட் பாக்கெட்டுக்குப் போச்சு, ஜெர்கின எடுத்து மாட்டிக்கிட்டேன், நாகப்பட்டினத்து வெக்கையில ஜெர்கின் போட்ட ஒரே ஆளு நான்தான். மறுபடி வெச்சேன், கரெக்டா உள்ள வந்துருச்சு! ஒத்த ரூபா கட்டல. அந்தத் தம்பியே சிரிச்சுட்டாரு.

சரி ரயிலுக்கு வரேன். மாயவரத்துல நடுராத்திரி ஏறினேன், காரைக்கால் போற வண்டி, பேரளம் திருவாரூர் வழியா. ஜன்னல் சீட்டு கெடச்சுது, கெடச்சு என்ன, ஒரே கும்மிருட்டு. விடியறதுக்கு முன்னாடியே நாகப்பட்டினத்துல எறக்கி விட்டுட்டான். இந்த ஸ்டேஷன சாதாரணமா நினைக்காதீங்க, 1860கள்லயே இங்கேந்து திருச்சிக்கு லைன் போட்டுட்டாங்க, இப்ப பொன்மலைல இருக்கே ரயில்வே ஒர்க்‌ஷாப், அது முன்னாடி இங்கதான் இருந்துச்சு. எங்க தாத்தா ரஜூலா கப்பல்ல பினாங்கு போனதும் இந்த ஊர்லேந்துதான், அந்தக் கதைய வீட்ல ஆயிரம் தடவ கேட்டாச்சு.

ஆ, ஒன்னு விட்டுட்டேன், ஸ்டேஷன் வெளில டீக்கடை. பேப்பர் கப்ல எனக்கு எறங்காதுன்னு தெரியும்ல, என் டம்ளர நீட்டுனேன், மாஸ்டர் ஒரு மாதிரி பாத்துட்டு தளும்பத் தளும்ப ஊத்திக் குடுத்தாரு. டம்ளர் கொண்டு போங்கய்யா, அளவும் கூட கெடைக்குது.

கப்பல்னதும் டைட்டானிக் ரேஞ்சுக்கு யோசிக்காதீங்க, 150 பேர் போற சைஸு. 2023 அக்டோபர்ல ஒரு கப்பல் விட்டாங்க, மழைக்காலம்னு கொஞ்ச நாள்லயே நிறுத்திட்டாங்க, அப்புறம் 2024 ஆகஸ்ட்லதான் வேற கப்பல் வந்துச்சு. அதனால ஐப்பசி கார்த்திகைல வரலாம்னு பிளான் போடாதீங்க. பாஸ்போர்ட், விசா எல்லாம் தனி வீடியோ போடறேன், இப்ப கேக்காதீங்க. கப்பல் போய் நிக்கறது காங்கேசன்துறை, யாழ்ப்பாணத்துப் பக்கம் இருக்கற துறைமுகம், நாகப்பட்டினத்துலேந்து சுமார் 110 கிலோமீட்டர், நாலு மணி நேரம். மாயவரத்துலேந்து சென்னை அதுக்கு ரெண்டு மடங்குக்கும் மேல, யோசிச்சுப் பாருங்க! நடுக்கடல்ல நல்லா ஆட ஆரம்பிச்சிருச்சு, பக்கத்து சீட்டு அக்காவுக்கு மொகமே வெளுத்துப் போச்சு, என்கிட்ட இருந்த இஞ்சி மொரப்பாவ குடுத்தேன், பாக்கெட்ட திருப்பியே தரல. பரவால்ல, வாந்தி வரல, அது போதும்.

காங்கேசன்துறைல எறங்குனா ஆட்டோக்காரங்க சுத்திக்கிட்டாங்க. நான் ரயில்லதான் போவேன்னு ஒரே பிடிவாதம். ஏன்னா இந்த லைன் 1990ல சண்டைல நின்னுபோய் 2015 ஜனவரிலதான் திரும்ப இங்க வரைக்கும் வந்துச்சு, அதுல போகாம எப்படி? காத்திருந்துதான் ஏறினேன். தெல்லிப்பழை, மல்லாகம், சுன்னாகம்னு போர்டு எல்லாம் தமிழ்ல வருது, ரெண்டு பக்கமும் செம்மண்ணு, பனை, கிணறு. நம்ம பக்கம் திரும்புன எடமெல்லாம் வாய்க்கால் இருக்கும்ல, இங்க அது கண்ணுலயே படல, கிணத்துத் தண்ணிய நம்பியே வெங்காயம், பொயிலைன்னு போட்டு வெச்சிருக்காங்க. எனக்கு அதான் பெரிய ஆச்சரியம்.

காத்திருந்தப்ப பால் டீ குடிச்சேன், நூத்தி இருவது ரூபான்னாங்க, ஒரு செகண்ட் தூக்கி வாரிப் போட்டுச்சு. அப்புறம்தான் இலங்கை ரூபால்லன்னு உறைச்சுது, மூணரையால வகுத்தா நம்ம காசுக்கு முப்பத்தி நாலு. அப்பவும் ஜாஸ்திதான்! அதுவும் பால் மாவுல போட்டது. டிகாக்ஷன்னா பால்தான் ஊத்தணும், டீயா இருந்தாலும் அதேதான், இதுல நான் எறங்கி வர்ற மாதிரி இல்ல. ஆனா கூட வாங்குன உளுந்து வடை இருக்கே, மொறுமொறுன்னு, அதுக்கு எவ்ளோ வேணாலும் குடுக்கலாம்.

நாளைக்கு காலைல யாழ்ப்பாணம் நூலகம், 1981ல எரிச்சாங்கள்ல, அது. உள்ள கேமரா விடலன்னா வெளில வந்து வாயால சொல்றேன். அப்புறம் நல்லூர், ஆம்பளைங்க சட்டைய கழட்டிட்டுதான் போகணும், அதனால அங்க செல்ஃபி எல்லாம் எதிர்பாக்காதீங்க. பேட்டரி செவப்பு காட்டுது, வெக்கறேன்.