ஆத்துல போட்டாலும் அளந்து போடு - வாசகர் வட்ட ஆண்டு விழாவுல நான் பேசினது

எல்லாருக்கும் வணக்கம். தலைமை தாங்குற ஊராட்சித் தலைவர் ஐயா, வெயில்னும் பாக்காம பஸ் மாறி வந்திருக்கிற தலைமை ஆசிரியை அம்மா, பந்தல் போட்டுக் கொடுத்த வார்டு உறுப்பினர் அண்ணன், போன வருஷமும் மைக் செட் இலவசமா கொடுத்த தம்பி, முன்வரிசையில உக்காந்திருக்கிற பெரியவங்க, யார் பேரையாவது விட்டிருந்தா மன்னிச்சுக்கோங்க.

செல்போன் நம்ம வாழ்க்கைய எப்படி மாத்திருச்சுன்னு பேசச் சொன்னாங்க. ரெண்டு விஷயம் சொல்லலாம்னு வந்தேன், பேச்சு, பிள்ளைங்க படிப்பு. எங்க அப்பத்தா அடிக்கடி சொல்லும், ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு. முதல்ல பேச்சுக்கு வரேன்.

எங்க மாமா பம்பாய்ல வேலை பாத்தாரு. மாசம் ஒருநாள் அம்மா என்னையும் கூட்டிக்கிட்டு வெளியூருக்குப் போன் பேச பஸ் ஸ்டாண்ட் எஸ்டிடி பூத்துக்குப் போகும், ராத்திரி ஆக ஆக ரேட் குறையும்ங்கறதால அங்க ஒரே கூட்டம், பெஞ்சுல இடம் கிடைக்காது. என்னென்ன கேக்கணும்னு நோட்டுப் பேப்பர்ல என்னைய எழுதச் சொல்லி வாங்கி வச்சுக்கும், அண்ணிக்கு முழங்கால் வலி எப்படி, சின்னவனுக்குப் பல்லு மொளச்சிருச்சா, பொங்கலுக்கு லீவு கிடைக்குமா. லைன் கிடைச்சதும் மீட்டர் சிவப்பு எழுத்துல ஓடும், அம்மா "அண்ணே"ன்னு சொல்லும், அழுகை வந்துரும், பேப்பர் கையிலயே கசங்கிக் கிடக்கும், அந்தப் பக்கம் மாமாவும் அழுவாரு. மூணு நிமிஷம். அத வச்சு ஒரு மாசம் பூரா அம்மா பேசும், அண்ணன் குரல் கம்மியிருந்துச்சு, சளி போலன்னு.

இப்ப மாமா தினமும் வீடியோ கால் பண்றாரு. உப்பு ஜாடியில போனைச் சாத்தி வச்சுட்டு அம்மா வெங்காயம் அரியுது, அவரு அங்க டிவி பாக்குறாரு. போன வாரம் அவருக்கு ஆபரேஷன்னு மூணாவது ஆளு சொல்லித்தான் அம்மாவுக்குத் தெரிஞ்சுது.

1995 ஜூலை 31ல மேற்கு வங்க முதலமைச்சரா இருந்த ஜோதி பாசு கல்கத்தாவுல இருந்து டெல்லிக்குப் பேசினாரு, அதுதான் நம்ம நாட்டோட முதல் செல்போன் கால். 2003 வரைக்கும் வர்ற காலுக்கும் காசு, அதனால அளந்து பேசினோம். 2016க்கு அப்புறம் டேட்டா தண்ணியா ஓடுது. ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு சொன்ன அப்பத்தாவுக்கு இந்த ஆறு தெரியாது.

அடுத்தது பிள்ளைங்க படிப்பு. பிள்ளைங்ககிட்ட போனை வைடான்னு சொல்றோமே, வச்சுட்டு எங்க போவான்? நம்ம ஊர் நூலகம் பள்ளிக்கூடம் விட்டு அவன் வீடு வர்றதுக்குள்ள பூட்டிருது. சுதந்திர இந்தியாவுல முதல் நூலகச் சட்டம் 1948ல நம்ம சென்னை மாகாணத்துலதான் வந்துச்சு, வழிகாட்டினவரு சீர்காழியில பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன். உங்க வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்க, நூலக வரின்னு தனியா கட்டியிருப்பீங்க. நம்ம காசு அது. ராத்திரி 8 மணி வரைக்கும் திறந்து வைங்கன்னு கேக்க நமக்கு உரிமை இருக்கு.

தலைவர் ஐயா மேடையிலயே இருக்காரு, மனுவுல முதல் கையெழுத்து அவரு போடணும்னு எல்லார் சார்பாவும் கேட்டுக்கறேன். தாள் டீ வைக்கிற மேசையில இருக்கு, பேனாவும் கட்டி வச்சிருக்கோம்.