ஊசிக்கு முன்னும் பின்னும்

நேயர்களுக்கு வணக்கம். தடுப்பூசி போடுகிறவர்களின் வேலையைப் பற்றிப் பேச அழைத்தார்கள். பல வருடம் அதே வேலையில் இருந்த நர்ஸ் என்பதால் ஒத்துக்கொண்டேன்.

ஊசியைக் குத்தி எடுக்க இரண்டு மூன்று விநாடிதான் ஆகும். "இதில் என்ன பெரிய வேலை?" என்று கேட்பவர்கள் உண்டு. சரிதான், குத்துவதை யாரும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அடுத்த தவணைக்கு அந்தக் குழந்தை வருமா, வராதா? அது ஊசிக்கு முன்னும் பின்னும் நாங்கள் என்ன பேசினோம் என்பதைப் பொறுத்தது.

இதை நான் ஒரு தாயிடம்தான் கற்றேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. அன்று நல்ல கூட்டம். முத்தடுப்பு ஊசியைப் போட்டுவிட்டு, "அடுத்து யார்?" என்று கூப்பிட்டுவிட்டேன். அடுத்த தவணைக்கு அந்தத் தாய் வரவில்லை. வீட்டுக்கே போய்க் கேட்டேன். "நீங்க போட்ட ஊசிலதான் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்துச்சு, ராத்திரி முழுக்க அழுதான்" என்றார். அவர் சொன்னது உண்மை. அந்த ஊசிக்கு லேசான காய்ச்சல் வரும், தொடை கொஞ்சம் வீங்கும், ஓரிரு நாளில் சரியாகிவிடும். முன்கூட்டியே சொல்லியிருந்தால், "நர்ஸம்மா சொன்ன மாதிரியே காயுது" என்று நிம்மதியாக இருந்திருப்பார். நான் சொல்லாமல் விட்டதால் பயந்துபோனார். அப்புறம் என்ன கூட்டமானாலும் இதைச் சொல்லாமல் யாரையும் அனுப்பியதில்லை. போட்டது என்ன ஊசி, என்ன தொந்தரவு வரலாம், வந்தால் என்ன செய்வது, அடுத்து எப்போது வரவேண்டும், அட்டையைப் பத்திரமாக வைத்திருங்கள், கொஞ்ச நேரம் இங்கேயே உட்கார்ந்துவிட்டுப் போங்கள். அரிதாக ஒருவருக்குக் கடும் ஒவ்வாமை வரும். வந்தால் பெரும்பாலும் சீக்கிரமே தெரிந்துவிடும். அதற்கான அட்ரினலின் எங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

நீங்கள் பார்க்காத வேலையும் ஒன்று உண்டு. பெரும்பாலான தடுப்பு மருந்துகளை 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் வைக்கவேண்டும். பல குப்பிகளின் மேல் ஒரு வட்டம், அதற்குள் வெளிறிய சதுரம் இருக்கும். சூடு பட்டால் சதுரம் கறுக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் குப்பியைத் தூக்கிப் போடவேண்டியதுதான். ஆனால் சில மருந்துகளுக்குச் சூட்டைவிடக் குளிர்தான் பெரிய எதிரி. மஞ்சள்காமாலை பி தடுப்பூசி ஒருமுறை உறைந்தால் போச்சு, உருகிய பிறகும் பழைய வீரியம் இருக்காது. தட்டம்மை மருந்தைக் கரைத்துவிட்டால் 6 மணி நேரத்துக்குள் போட்டு முடிக்கவேண்டும். பத்துப் பேருக்கான குப்பியை ஒரே குழந்தைக்காக உடைப்பதா என்று தயங்குபவர்கள் உண்டு. நான் உடைத்துவிடுவேன். மீதி வீணானால் வேறு குப்பி வரும், திருப்பி அனுப்பிய குழந்தை மறுபடி வருமா?

வலிக்கு வருகிறேன். நான் பயிற்சி பெற்ற காலத்தில், குத்தியதும் சிரிஞ்சைப் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். அது தேவையில்லை, வலியைத்தான் கூட்டும் என்று 2015இல் உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. பழகிய கை, மாறுவதற்குக் கொஞ்ச நாளானது. குழந்தையைப் படுக்கவைத்து அமுக்காமல் மடியில் வைத்துக்கொள்ளலாம், பால் கொடுத்துக்கொண்டே ஊசி போடலாம். அதிகம் வலிக்கும் ஊசியைக் கடைசியில் போடவேண்டும். விவரம் தெரிந்த பிள்ளையிடம் "வலிக்கவே வலிக்காது" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தப் பொய்க்கு அடுத்த தவணையில் நாங்கள்தான் மாட்டிக்கொள்வோம்.

ஊசிக்குப் பயப்படுவது குழந்தைகள் மட்டும் இல்லை. சோமாலியாவில் அலி மாவ் மாலின் என்ற இளைஞர் ஒரு மருத்துவமனையில் சமையல்காரராக இருந்தார். வலிக்கும் என்று பயந்து பெரியம்மை தடுப்பூசியைத் தட்டிக்கழித்துவிட்டார். 1977 அக்டோபரில், பெரியம்மை நோயாளிகளை ஏற்றி வந்த வண்டிக்கு வழிகாட்டக் கொஞ்ச தூரம் கூடப் போனார். அவருக்கும் தொற்றியது. பிழைத்துக்கொண்டார். இயற்கையாகப் பரவிய பெரியம்மையில் உலகின் கடைசி நோயாளி அவர்தான். பிற்காலத்தில் போலியோ ஒழிப்புப் பணியில் சேர்ந்து, சொட்டு மருந்து வேண்டாம் என்ற பெற்றோர்களிடம் தன் கதையையே சொன்னார். 2013இல் அந்தப் பணியில் இருந்தபோது மலேரியா கண்டு இறந்தார்.

வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.