ஈசாப்பின் நரி யாரைப் பார்த்துப் பேசியது?

நடுவர் அவர்களே, எதிரணித் தோழர்களே, அவையோரே, வணக்கம்.

ஈசாப் கதைகள் பிறந்தது பிள்ளைகளுக்கு நீதி புகட்டவா, பெரியவர்களிடம் நேரே பேச முடியாததைப் பேசவா என்பது கேள்வி. எனக்கு முன்னால் பேசிய தோழி, கதைக்குக் கதை கடைசியில் 'நீதி' என்று ஒரு வரி இருக்கிறதே, இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டார். அம்மா, அந்த வரி கதையோடு பிறந்ததில்லை, பிற்காலத்தில் தொகுத்தவர்கள் ஒட்டவைத்தது.

முதலில் கதை சொன்னவர் யார் என்று பாருங்கள். ஈசாப் சாமோஸ் தீவில் இயாட்மோன் என்பவரிடம் அடிமையாக இருந்தவர், டெல்ஃபி ஊர்க்காரர்கள் கையால் செத்தவர் என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதுகிறார். ரோமில் இந்தக் கதைகளை லத்தீன் கவிதையாக்கிய ஃபீட்ரஸும் அடிமையாக இருந்து விடுதலையானவர்தான். அடிமை மனதில் பட்டதை வெளியே சொல்லப் பயந்து கதைக்குள் வைத்துச் சொன்னான், இந்தக் கலையே அப்படித்தான் வந்தது என்கிறார் அவர். பட்டவர் சொன்னால் நான் நம்புவேன்.

சரி, கதையை எங்கே சொன்னார்கள்? பள்ளிக்கூடத்திலா? சிசிலியில் ஹிமெரா என்ற ஊர். ஃபலாரிஸ் என்பவனை முழு அதிகாரத்தோடு தளபதியாக்கிவிட்டார்கள், அடுத்து அவனுக்கு மெய்க்காவல் படையும் தரப் போகிறார்கள். கவிஞர் ஸ்டெசிகோரஸ் எழுந்து ஒரு கதை சொல்கிறார், அதை நமக்குக் காப்பாற்றித் தந்தவர் அரிஸ்டாட்டில். ஒரு குதிரை தனியாக மேய்ந்த புல்வெளியில் மான் புகுந்து நாசம் செய்கிறது. மானைப் பழிவாங்க உதவு என்று மனிதனிடம் போகிறது குதிரை. கடிவாளம் போட்டுக்கொள், ஈட்டியோடு உன் முதுகில் ஏறுகிறேன் என்கிறான் அவன். சம்மதித்த குதிரை பழிவாங்கவில்லை, அடிமையானதுதான் மிச்சம். கடிவாளம் ஏற்கெனவே உங்கள் வாயில் இருக்கிறது, காவல் படையும் கொடுத்து முதுகில் ஏற்றிக்கொள்ளாதீர்கள் என்றார் கவிஞர். இதுவா குழந்தைக்குச் சொல்லும் கதை?

அதற்கும் முன்னால், கி.மு. 700 வாக்கில், கிரேக்கக் கவிஞர் ஹெசியோட் 'இது அரசர்களுக்கு' என்று சொல்லியே ஒரு கதை தொடங்குகிறார். வல்லூறின் நகத்தில் சிக்கி அழுகிறது ஒரு பாடும் பறவை. ஏன் கத்துகிறாய், உன்னைவிட வலியவன் பிடியில் இருக்கிறாய், தின்பதும் விடுவதும் என் இஷ்டம் என்கிறது வல்லூறு. கதை அவ்வளவுதான். வல்லூறுக்கு எந்தத் தண்டனையும் இல்லை. கேட்கிற அரசன் தன் முகத்தை அதில் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டார்.

பின்னாளில் பிள்ளைகளும் இதைப் படித்தார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் பிறந்த வீடு வேறு, வளர்ந்த வீடு வேறு.

அப்புறம் ஒரே ஒரு காட்சி. கி.மு. 399, ஏதென்ஸ் சிறை. சாக வேண்டிய நாள். விலங்கு கழற்றிய காலைத் தேய்த்தபடி சாக்ரடீஸ் சொல்கிறார்: வலி போனதும் சுகம் வருகிறதே, ஈசாப் இதைக் கவனித்திருந்தால் இரண்டின் தலையையும் கடவுள் ஒன்றாகப் பிணைத்துவிட்டார் என்று ஒரு கதை கட்டியிருப்பார். சிறையில் இருந்த நாட்களில் ஈசாப் கதைகளைத்தான் அவர் கவிதையாக்கிக்கொண்டிருந்தார், அவருக்கு அப்போது எழுபது வயது.

நன்றி, வணக்கம்.