போணி ஆகாத மேசை

நேயர்களுக்கு வணக்கம்.

ஆடி மாதத்தில் மதுரைக் கல்யாண மண்டபங்கள் சும்மா கிடக்கும். முகூர்த்தம் இல்லாததால் வாடகையும் கொஞ்சம் இறங்கி வரும். அதைக் கணக்குப் போட்டுத்தான் எங்கள் பகுதிக்காரர்கள் சிலர், பழங்காநத்தம் பக்கம் ஒரு மண்டபத்தை இரண்டு நாளைக்குப் பிடித்து ஒரு கண்காட்சி வைத்தார்கள். மதுரைச் சித்திரைப் பொருட்காட்சி மாதிரி ராட்டினமும் டெல்லி அப்பளமும் இருக்கிற பெரிய காட்சி என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டிலிருந்தே தொழில் செய்கிறவர்கள், கைவேலைக்காரர்கள், எதையாவது புதிதாகச் செய்து பார்த்த கல்லூரிப் பிள்ளைகள், இவர்களுக்கு ஆளுக்கு ஒரு மேசை. மொத்தம் நாற்பது மேசை. அங்கே இரண்டு நாள் தன்னார்வலராக நின்றேன். அந்தக் கதையைச் சொல்லத்தான் இன்றைக்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

நான் வங்கியில் கேஷியராக இருந்து ஓய்வு பெற்றவன். "உங்களுக்கு என்ன வேலை சார் குடுக்கலாம்?" என்று கேட்டார்கள். "எனக்கு எண்ணத் தெரியும்" என்றேன். மற்ற தன்னார்வலர்கள் எல்லாம் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள். காலையில் என்னை 'அங்கிள்' என்றார்கள். சாயங்காலத்துக்குள் 'தாத்தா' ஆகிவிட்டேன். சரி, அது கிடக்கட்டும்.

முதல் நாள் காலையில் மூவாயிரம் ரூபாய்க்குப் பத்தும் இருபதுமாகச் சில்லறை மாற்றிக்கொண்டு போனேன். "எல்லாரும் ஜிபே பண்ற காலத்துல சில்லறை எதுக்கு தாத்தா?" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். மண்டபத்துக்குள் சிக்னல் இல்லை என்பது அதுவரை யாருக்கும் தெரியாது. பழைய காலத்துக் கனத்த சுவர். வாங்க வந்தவர்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கும் மேசைக்கும் நடந்தார்கள். 'பெறப்பட்டது' என்று சத்தம் போடவேண்டிய பெட்டிகள் ஊமையாக உட்கார்ந்திருந்தன. பதினோரு மணிக்கு என் சில்லறைப் பைக்கு முன்னால் வரிசை நின்றது.

போணி என்று சொல்வோம் இல்லையா, நாளின் முதல் வியாபாரம். அந்தக் காசைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பெட்டியில் போடுவார்கள். போணி ஆகிவிட்டால் வியாபாரியின் முகமே மாறிவிடும், அப்புறம் பேச்சு தானாக வரும். அதனால் பிள்ளைகளிடம் ஒன்று சொன்னேன்: நாற்பது மேசைக்கும் ஒரு பட்டியல் போடுவோம், போணி ஆக ஆக டிக் அடிப்போம், மதியத்துக்கு மேலும் டிக் விழாத மேசைதான் நம் வேலை. பன்னிரண்டு மணிக்குப் பார்த்தால் 31 டிக். ஒன்பது மேசை வெறுமையாக இருந்தது.

அந்த ஒன்பதில் ஒன்று கொட்டாங்குச்சி விளக்கு. கொட்டாங்குச்சியை நன்றாகத் தேய்த்து, ஊசி ஊசியாகத் துளை போட்டு, உள்ளே ஒரு பல்பு. எரிய விட்டால் சுவரெல்லாம் கோலம் போட்டதுபோல வெளிச்சம் விழும். செய்தவனுக்கு இருபது வயது இருக்கும். வருகிறவர்கள் எல்லாரும் "சூப்பர் தம்பி" என்றார்கள், போட்டோ எடுத்தார்கள், போனார்கள். "எவ்வளவு?" என்று ஒருவர் கேட்டார். பையன், "நீங்க பாத்துக் குடுங்க சார்" என்றான். அவர் சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டார். பாத்துக் குடுங்க என்றால் யார் கொடுப்பார்கள்? கூடக் கொடுத்தால் ஏமாளி, குறைத்துக் கொடுத்தால் பாவம். எதற்கு வம்பு என்று போய்விடுகிறார்கள்.

நோட்டீஸின் பின்பக்கத்தில் கணக்கு எழுதினோம். ஹோல்டர், ஒயர், சுவிட்ச், பல்பு 110 ரூபாய். உப்புத்தாள், வார்னிஷ் 40. ஆக 150. "என்ன விலை நெனச்ச?" "இருநூத்தம்பது சார்." ஒரு விளக்கு செய்ய ஒன்றரை நாள் ஆகிறதாம். "கொத்தனாருக்குக் கையாளாப் போனா ஒரு நாளைக்கு என்ன தருவாங்க?" என்று கேட்டேன். "எழுநூறு" என்றான். சொல்லிவிட்டு நோட்டீஸையே பார்த்துக்கொண்டிருந்தான். நியாயமாகப் பார்த்தால் விளக்கு 1200 ரூபாய். அவ்வளவு எழுத அவனுக்கும் தைரியமில்லை, எனக்கும் இல்லை. 600 என்று அட்டையில் பெரிதாக எழுதி முன்னால் வைத்தோம்.

இரண்டு நாளில் இரண்டு விளக்கு விற்றது. பத்து கொண்டுவந்திருந்தான். கடைசியில், "இருநூத்தம்பதுன்னா பத்தும் போயிருக்கும்ல சார்?" என்று கேட்டான். போயிருக்கும். பதினைந்து நாள் உழைப்புக்கு ஆயிரம் ரூபாய் மிஞ்சியிருக்கும். இப்போது மூன்று நாள் உழைப்புக்குத் தொள்ளாயிரம் மிஞ்சியது, எட்டு விளக்கு மூட்டையில் இருக்கிறது. கேஷியர் மூளைக்கு இரண்டாவதுதான் சரி. ஆனால் அந்த எட்டு விளக்கையும் பஸ்ஸில் தூக்கிக்கொண்டு போனவன் அவன், நான் இல்லை. அந்த விஷயத்தில் எனக்கு இன்னும் முழு நிம்மதி கிடையாது.

இனி நான் செய்த தப்பைச் சொல்கிறேன். மேசைகளை எங்கே போடுவது என்று தீர்மானித்ததில் என் பங்கும் உண்டு. வாசலிலேயே பலகாரம் இருந்தால் கூட்டம் உள்ளே வரும் என்று பஜ்ஜி, பணியாரம், ஜிகர்தண்டா எல்லாவற்றையும் முன்னால் போடச் சொன்னேன். கூட்டம் வந்தது. வந்த கூட்டம் பஜ்ஜி தின்ற கையோடு அடுத்த மேசைக்குப் போனது. அடுத்த மேசை சுங்குடிச் சேலை.

அந்த அம்மா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒவ்வொரு சேலையாக மடித்து அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிட்டு, மேலே இருந்த ஒரே ஒரு சேலைக்குப் பழைய செய்தித்தாள் போர்த்தியிருந்தார். கிட்டே போய்ப் பார்த்தபோதுதான் வெங்காய நிறச் சேலையில் விரல் அகலத்துக்கு எண்ணெய்க் கறை தெரிந்தது. "டால்கம் பவுடர் போட்டுத் தட்டுனா போயிரும் சார்" என்று எனக்கு ஆறுதல் வேறு சொன்னார். அன்று இரவே பலகார மேசைகளைக் கடைசிக்குத் தூக்கிப் போட்டோம். எல்லாவற்றையும் பார்த்து முடித்தபின் சாப்பிடட்டும். கைகழுவத் தண்ணீரும் அந்தப் பக்கம்தான் இருந்தது. இதை முதலில் யோசிக்காமல் போனதற்கு ஒரு சாக்கும் இல்லை.

சுங்குடி மேசைக்கு இன்னொரு கஷ்டம். வருகிறவர்கள் எல்லாம், "ஆடித் தள்ளுபடி இல்லையா?" என்று கேட்டார்கள். மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு, அதாவது இது இந்த ஊர்ச் சரக்கு என்கிற அரசாங்க முத்திரை, கிடைத்துவிட்டது. அதைச் சொன்னால் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, மறுபடியும் தள்ளுபடியைத்தான் கேட்கிறார்கள். இரண்டாம் நாள் எங்கள் தன்னார்வலர் பெண் ஒருத்தி, "அம்மா, நீங்க விக்க வேணாம், முடிச்சுப் போடுங்க" என்றாள். அந்த அம்மா துணியை மடியில் போட்டு, கடுகு அளவுக்கு ஒரு சிட்டிகை துணியை நகத்தால் தூக்கி, அதன் கழுத்தில் நூலைச் சுற்றி இறுக்கி, அடுத்ததற்குப் போனார். கண் கீழே, கை மட்டும் ஓடுகிறது. சாயத்தில் முக்கிக் காயவைத்து நூலைப் பிரித்தால், சாயம் ஏறாத இடம் புள்ளியாக நிற்கும். கையால் கட்டியதில் ஒரு புள்ளி மாதிரி இன்னொரு புள்ளி இருக்காது. மெழுகு அச்சில் போட்டது வரிசை பிசகாமல் நிற்கும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. பத்து நிமிடம் நின்று பார்த்தவர்கள் தள்ளுபடி கேட்கவில்லை. வாங்காமல் போனவர்கள் உண்டு. ஆனால் பேரம் பேசியவர் ஒருவரும் இல்லை.

பக்கத்திலேயே விளாச்சேரி பொம்மை. திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்து ஊர்தான், கொலுவுக்கும் கிறிஸ்துமஸ் குடிலுக்கும் பொம்மை அங்கிருந்து போகிறது. விற்றதைச் சுற்றிக் கட்டும் வேலை எனக்கு. அந்த அக்கா ஒவ்வொரு பொம்மையையும் காதுக்குப் பக்கத்தில் பிடித்து, விரல் முட்டியால் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் என் கையில் கொடுப்பார். நல்ல பொம்மை 'ணங்' என்னும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் 'டொக்' என்று செத்த சத்தம் வரும். 'டொக்' என்றதை மேசைக்கு அடியில் வைத்துவிடுவார். வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாதே என்றேன். "வீட்டுக்குப் போய்த் தெரியும்ல அண்ணே" என்றார். இரண்டு நாளில் நான் நாலு பொம்மையைச் சரியாகக் கண்டுபிடித்தேன். மேசையடியில் ஐந்து இருந்தன.

ஊறுகாய் மேசையில் வேறு மாதிரிச் சிக்கல். ஒருவர் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்பர் எங்க?" என்று கேட்டார். உணவுப் பாதுகாப்புத் துறை தருகிற 14 இலக்க எண்ணைக் கேட்கிறார். அந்த அம்மாவிடம் எண் இருக்கிறது, வீட்டில் பிரேம் போட்டு மாட்டியிருக்கிறது. பாட்டிலில் இல்லை. மகனுக்குப் போன் போட்டு எண்ணை வாங்கி, செய்த தேதி, எடை எல்லாம் சேர்த்து எண்பது ஸ்டிக்கரில் பிள்ளைகள் கையாலேயே எழுதி ஒட்டினார்கள். பேச்சுவாக்கில் இன்னொன்றும் வெளியே வந்தது. சிறுதொழில் செய்கிறவர்கள் அரசாங்கத்தில் செய்துகொள்கிற உத்யம் பதிவுக்கு யாரோ ஒருவர் இவரிடம் 1500 ரூபாய் வாங்கியிருக்கிறார். நேயர்களே, அரசாங்க இணையதளத்தில் அந்தப் பதிவுக்குக் கட்டணமே கிடையாது. ஆதார், பான் எண்ணை வைத்து நாமே செய்துகொள்ளலாம். இதை இரண்டு தடவை சொல்லலாம் என்று நினைக்கிறேன்: கட்டணம் கிடையாது.

அந்த அம்மா களஞ்சியம் என்கிற பெண்கள் சேமிப்புக் குழுவில் இருப்பவர். அழகர்கோயில் பக்கத்துக் கிராமத்தில் கூலி வேலை பார்த்து, அந்தக் குழுக்களை ஊர் ஊராகக் கட்டிய சின்னப்பிள்ளை அம்மாளை உங்களுக்கு நினைவிருக்கும். 2001-இல் டெல்லியில் விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் அவர் காலைத் தொட்டு வணங்கினார். 2019-இல் பத்மஸ்ரீ வந்தது. அந்த வழியில் வந்தவர்களின் நோட்டைப் பார்க்கவேண்டும். கடுகு வாங்கிய காசு வரைக்கும் எழுதியிருக்கிறது. நான் கூட்டி முடிப்பதற்குள் ஊறுகாய் அம்மா மொத்தத்தைச் சொல்லிவிட்டார்.

கல்லூரிப் பையன்களில் சிலர் மேசையில் விற்றது போக, புதிதாக யோசித்து வைத்திருந்ததை லேப்டாப்பில் படமாக மட்டும் காட்டினார்கள், பொருளாகச் செய்யவில்லை. அவர்களிடம் மேலக்கால் முருகேசனைப் பற்றிச் சொன்னேன். இங்கிருந்து சோழவந்தான் போகிற வழிதான் மேலக்கால். வாழைநாரைக் கயிறாகத் திரிக்க சைக்கிள் வீலை வைத்தே ஒரு கருவி செய்தவர் அவர். போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம் என்றார்கள். போனார்களா என்று கேட்கவேண்டும்.

கடைசியாக, போணி ஆகாத மேசை. முதல் நாள் ராத்திரி வரைக்கும் டிக் விழாமல் ஒன்றே ஒன்று இருந்தது. சாயல்குடிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்த பெரியவர். பனையோலையில் பெட்டி, விசிறி, கிலுகிலுப்பை. தூணுக்குப் பின்னால் அவருக்கு இடம் விழுந்திருந்தது. குலுக்கல் முறையில் விழுந்த இடம்தான், யாரையும் குறை சொல்ல முடியாது. மனசு கேட்காமல் எங்கள் பெண்பிள்ளை ஒருத்தி ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு நூறு ரூபாயை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. "வேலைக்கு நிக்கிற புள்ளகிட்டயா போணி பண்ணுவாக? வேணாந்தாயி" என்றார்.

அவரோடு டீ குடித்தேன். பஸ்ஸில் வரும்போது எழுத்தாணிக்காரத் தெரு என்று பலகை பார்த்தாராம். எழுத்தாணிக்கு வேலை போய் எத்தனையோ தலைமுறை ஆயிற்று, பெயர் நிற்கிறது. "எழுத்தாணிக்காரவுகளுக்குத் தெரு இருக்கு. ஓலைக்காரவுகளுக்கு இல்லையா?" என்று கேட்டார். ஏன் இல்லை, தென்னோலைக்காரத் தெரு இருக்கிறதே என்றேன். "அது தென்னோலை. நான் பனையோலை" என்றார்.

மறுநாள் அவர் மேசையைத் தூணுக்கு முன்னால், பிள்ளைகள் ஓடி விளையாடுகிற இடத்துக்கு நகர்த்தினோம். அவர் ஒரு கிலுகிலுப்பையை எடுத்துச் சும்மா ஆட்டிக்கொண்டே இருந்தார். பத்து மணி இருக்கும், ஒரு கைக்குழந்தை சத்தம் வந்த பக்கம் திரும்பி, அம்மாவின் இடுப்பிலிருந்து இறங்கப் பார்த்தது. இருபது ரூபாய். அந்த நோட்டைக் கண்ணில் ஒற்றிப் பைக்குள் வைத்தார். பட்டியலில் நாற்பதாவது டிக்கை எங்கள் பெண் அழுத்தி அடித்ததில் காகிதம் கிழிந்துவிட்டது.

சாயங்காலம் மேசைகளை மடித்துக்கொண்டிருந்தபோது வந்தார். காலையில் என்னிடம் வாங்கியிருந்த இருநூறு ரூபாய்ச் சில்லறையைப் பத்து பத்தாக எண்ணித் திருப்பிக் கொடுத்தார். பிறகு ஒரு கிலுகிலுப்பையை நீட்டினார். அன்பளிப்பு என்று நினைத்துக் கையை நீட்டினேன்.

"இருவது ரூவா குடுங்க" என்றார். "போணிதான் ஆயிருச்சே. இப்ப நீங்க வாங்கலாம்."

கொடுத்தேன். இன்று கையோடு எடுத்து வந்திருக்கிறேன். உள்ளே நாலைந்து சின்னக் கற்கள், அவ்வளவுதான். மைக்குக்குப் பக்கத்தில் பிடித்து ஆட்டுகிறேன், கேட்கிறதா பாருங்கள்.