சுளுக்கு என்று விட்டுவிடும் மணிக்கட்டு

அன்பான நேயர்களுக்கு வணக்கம். ஈரப் படகில் கால் வழுக்கும். நிலாவெளி வீதியில் மணலில் மோட்டார் சைக்கிள் சறுக்கும். விழும்போது கையைத்தான் ஊன்றுகிறோம். வீங்குகிறது, எண்ணெய் போட்டு உருவுகிறோம், எக்ஸ்றேயில் முறிவு இல்லை என்றதும் நிம்மதியாகிவிடுகிறோம். அந்த நிம்மதி எனக்குப் பயம் தருகிறது. எலும்பு முறியாமலே உள்ளே ஒரு நார் அறுந்திருக்கலாம்.

மணிக்கட்டில் 8 சிறிய எலும்புகள், இரண்டு வரிசையாக. முன்கையை ஒட்டிய வரிசையில் பெருவிரல் பக்கம் படகெலும்பு, நடுவில் பிறையெலும்பு, சின்னவிரல் பக்கம் முக்கோண எலும்பு. பிறையெலும்பில் எந்தத் தசைநாணும் வந்து பிடிப்பதில்லை. படகெலும்பு அதை உள்ளங்கைப் பக்கம் சாய்க்கப் பார்க்கும். முக்கோண எலும்பு புறங்கைப் பக்கம் இழுக்கும். கயிறிழுத்தலில் இரு பக்கமும் சமபலமாக நிற்பதுபோல, அந்த இழுபறியில்தான் பிறையெலும்பு நேராக நிற்கிறது.

படகெலும்பையும் பிறையெலும்பையும் கட்டிவைத்திருக்கும் நார் ஆங்கில 'சி' எழுத்துப்போல் வளைந்தது. புறங்கைப் பக்கத்துப் பகுதி தடிப்பானது, ஏறக்குறைய 3 மில்லிமீற்றர், பலமெல்லாம் அங்கேதான். உள்ளங்கைப் பக்கம் மெல்லியது. நடுப்பகுதி வெறும் சவ்வு. இரத்த ஓட்டம் மிகக் குறைவு, கிழிந்தால் தானாக ஆறுவது அரிது.

முழுதாக அறுந்தால் படகெலும்பு முன்னால் கவிழும், பிறையெலும்பு பின்னால் சாயும். பொருந்தாத பரப்புகள் உரசி, சில வருடங்களில் மூட்டுத் தேய்மானம் தொடங்கும்.

தளர்ந்த கையை எடுக்கும் படத்தில் இது தெரியாமல் போகலாம். கையை இறுக்கிப் பொத்தினால் அடுத்த வரிசை எலும்பு முன்கைப் பக்கமாக அழுத்தி, படகெலும்புக்கும் பிறையெலும்புக்கும் நடுவிலுள்ள இடைவெளியைத் திறக்கும். 3 மில்லிமீற்றருக்கு மேல் விலகியிருந்தால் சந்தேகப்பட வேண்டும். மற்றக் கையையும் எடுத்து ஒப்பிடுவது நல்லது.

புறங்கைப் பக்கம் மணிக்கட்டின் நடுவில் நோவு நிற்காவிட்டால், உள்ளங்கையை ஊன்றி எழும்ப முடியாவிட்டால், 'டொக்' என்று சத்தம் கேட்டால், தயவுசெய்து உருவ வேண்டாம். வைத்தியரிடம் விழுந்த விதத்தைச் சொல்லி, கையைப் பொத்தி ஒரு படம் எடுக்கலாமா என்று கேளுங்கள். முதல் சில வாரங்களுக்குள் என்றால் அறுந்த நாரையே தைத்துக் கம்பி போட்டுப் பிடிக்க வாய்ப்புண்டு. பிந்தினால் வேறொரு தசைநாணை எடுத்துப் புதிதாகக் கட்ட வேண்டிவரும். அதன் பிறகு மணிக்கட்டு முன்போல் முழுதாக மடங்காமலும் போகலாம்.