ஜீரோ டிகிரியில் ஒரு பந்தி

நேயர்களுக்கு வணக்கம். குளிர்கடல் பக்கம் போகிற பயணிகள் கப்பல்களில் சமையல்காரனாகப் பல வருடம் ஓட்டியவன் நான். ஊருக்கு வந்தால் எல்லோரும் பென்குயினைப் பற்றித்தான் கேட்பார்கள். சாப்பாட்டைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. அப்படிக் கேட்கிற ஒன்றிரண்டு பேரும் போட்டோவைப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, உள்ளே கதகதப்பாகச் சாப்பாட்டு அறை இருக்கும்போது, பனிமலைக்கு நடுவில் வெளியே மேசை போட்டு எதற்குச் சாப்பிடுகிறார்கள்? பணம் கூடிப்போனால் இப்படியெல்லாம் தோன்றுமோ?" என்பார்கள்.

பணம் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் அண்டார்க்டிகாவில் அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. கரையில் இறங்கிய பயணி அங்கே எதையும் சாப்பிடக் கூடாது. ஒரு பிஸ்கட்கூட ஆகாது. கப்பல் நிறுவனங்கள் சேர்ந்து 1991-ல் அமைத்துக்கொண்ட அண்டார்க்டிகா சுற்றுலா நடத்துநர் சங்கம் இந்த விஷயத்தில் கறார். ஒரு நேரத்தில் ஓரிடத்தில் நூறு பயணிகளுக்கு மேல் கரையில் நிற்கக் கூடாது. ஐந்நூறு பேருக்கு மேல் ஏற்றி வந்த கப்பல் என்றால், யாரும் இறங்கவே கூடாது. இறங்கும் முன் பூட்ஸைக் கிருமிநாசினியில் முக்கிக் கழுவ வேண்டும். ஜாக்கெட் பையின் மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் புல்விதையைக்கூட வேக்குவம் கிளீனர் வைத்து உறிஞ்சி எடுப்பார்கள். இத்தனை கெடுபிடிக்கு நடுவே, அந்த வானத்தடியில் உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட வேண்டும் என்று பயணிக்கு ஆசை வந்தால், அதற்கு இருக்கிற இடம் கப்பலின் திறந்த டெக் மட்டும்தான். அதனால்தான் சின்னக் கப்பல்கள் பலவற்றில், பயணத்தில் ஒரு நாள் மாலை டெக்கில் கிரில் அடுப்பு ஏறுகிறது. பார்பிக்யூ என்பார்கள்.

சரி, அதை எப்படி நடத்துகிறோம்?

குளிர் எங்களுக்குப் பெரிய எதிரி இல்லை. டிசம்பர், ஜனவரியில் அண்டார்க்டிகத் தீபகற்பத்தில் வெப்பநிலை ஜீரோவை ஒட்டியே இருக்கும். ஸ்வெட்டரும் ஜாக்கெட்டும் போட்ட ஆளுக்கு அது தாங்கக்கூடிய குளிர்தான். எங்களைப் படுத்துவது காற்று. ஜீரோ டிகிரியில் மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், முகத்துக்கு அது மைனஸ் ஆறு, ஏழு மாதிரி இருக்கும். தட்டில் இருக்கும் கறி என்னவோ ஜீரோவுக்குக் கீழே போகப் போவதில்லை. ஆனால் அந்த ஜீரோவை நோக்கிப் போகிற வேகம் இருக்கிறதே, அதுதான் சமையல்காரனை ஓட ஓட விரட்டும்.

அதனால் முதல் முடிவு கேப்டனுடையது. மலைகள் சூழ்ந்த, காற்று அடங்கிய ஒரு குடாவாகப் பார்த்து அவர் கப்பலை நிறுத்த வேண்டும். பாரடைஸ் துறைமுகம் என்று ஓர் இடம் உண்டு. பெயர்தான் துறைமுகம், சுற்றிலும் பனியாறும் பாறையும்தான். கப்பல்கள் அங்கே நிற்க விரும்பும். நங்கூரம் போட்ட கப்பல் பெரும்பாலும் தன் முகத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்பிக்கொள்ளும். அப்போது நடுவில் உயர்ந்து நிற்கிற கட்டுமானம் காற்றைத் தடுக்கும், பின் டெக்கில் அடக்கம் கிடைக்கும். ஆகவே அடுப்பும் மேசையும் பின்பக்கம். இதில் ஒரு தொல்லையும் உண்டு. தடுக்கப்பட்ட காற்று பின்னால் சுழன்று திரும்பும், அடுப்புப் புகையையும் சுருட்டிக்கொண்டு வந்து நம் முகத்திலேயே அப்பும். போட்டோவில் நான் அழுகிற மாதிரி இருப்பேன். பனிமலையைப் பார்த்து உருகிவிட்டான் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அடுத்தது கொழுப்பு. மார்கழி மாதத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் வெள்ளையாக உறைந்து நிற்குமே, அது இருபத்துநான்கு டிகிரிக்குக் கீழே போனதால் வந்த வினை. ஆட்டுக் கொழுப்பு அதைவிட மோசம், நாற்பதைத் தாண்டிய சூட்டிலேயே இறுக ஆரம்பித்துவிடும். லாம்ப் சாப்ஸ் ஒன்றை கிரில்லில் இருந்து எடுத்து, சொட்டச் சொட்டத் தட்டில் வைத்துக் கொடுக்கிறேன். வாங்கியவர் பக்கத்து ஆளுக்குத் திமிங்கிலத்தைக் காட்டிவிட்டுத் திரும்புவார். அதற்குள் ஓரமெல்லாம் வெள்ளை பூத்திருக்கும். வாயில் போட்டால் மெழுகு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். மசாலா எவ்வளவு நன்றாக இருந்தாலும் நாக்குக்கு அது எட்டாது. எனக்கு விட்டால் இந்த இடத்தில் ஆட்டுக்கறியே போட மாட்டேன். ஆனால் கேட்கிறார்கள், போடுகிறோம். அதற்காகத் தட்டுகளை ஓவனில் அடுக்கிச் சுட வைத்து, பத்துப் பத்தாக மேலே கொண்டுவருவோம். கறியைச் சின்னத் துண்டாக வெட்ட மாட்டோம், துண்டு சிறுத்தால் சூடு சீக்கிரம் போய்விடும். உள்ளே பஃபேயில் பாத்திரத்துக்கு அடியில் சின்னதாக ஒரு தீ எரியுமே, அது இங்கே ஒரு ஊதலுக்குத் தாங்காது. மின்சாரத்தில் சூடேறும் தட்டுகள்தான். சாலட் ஒன்றுதான் எங்களைச் சிரமப்படுத்தாது. ஆனால் அதைச் சீண்டுவாரில்லை.

உண்மையில் குளிரில் வெளியே கொடுக்க ஏற்ற சாப்பாடு கெட்டியான சூப்தான். தண்ணீராக இருக்கும் சூப்பில் மேலே ஆறினது கீழே இறங்கும், கீழே சூடாக இருந்தது மேலே வரும், இப்படிப் புரண்டு புரண்டு மொத்தமும் ஆறிவிடும். கெட்டிச் சூப்பில் அந்தப் புரளல் நடக்காது. டச்சுக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அவர்களுடைய பட்டாணி சூப்பில் கரண்டியை நட்டால் விழாமல் நிற்க வேண்டும் என்பது கணக்கு. 1873-ல் ராட்டர்டாமில் பிறந்த ஹாலந்து அமெரிக்கா நிறுவனத்தின் கப்பல்கள் அலாஸ்காவில் பனியாறு பார்க்கும் நாளில், டெக்கிலேயே அந்தச் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றித் தருவார்கள். பயணிகள் கம்பியில் சாய்ந்து நின்று இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு, கிளேசியர் பே பூங்காவில் மார்ஜரி பனியாற்றின் முகப்பு உடைந்து கடலில் விழுகிறதா என்று காத்திருப்பார்கள். கை காய்கிறது, வயிறு நிறைகிறது, கண்ணுக்கும் வேலை. அந்தப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய கப்பல்களுக்கு மேல் விடுவதில்லை. பூங்காக் காவலர்களே கப்பலில் ஏறி விளக்கம் சொல்வார்கள். நார்வேக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. அவர்களுடைய கரையோரக் கப்பல் ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டும்போது டெக்கில் பயணியின் முதுகுக்குள் ஐஸைப் போடுவார்கள். மீனெண்ணெயை ஸ்பூனில் ஊட்டுவதும் உண்டு. அதைச் சாப்பாட்டில் சேர்க்க எனக்கு மனமில்லை.

அண்டார்க்டிகாவுக்கே திரும்புகிறேன். அங்கே மெனுவில் சட்டமும் கை வைக்கும். 1991-ல் மாட்ரிட்டில் கையெழுத்தான சுற்றுச்சூழல் நெறிமுறையில் கோழிக்கென்றே தனியாக விதி இருக்கிறது. உரித்த கோழியை அந்தப் பகுதிக்கு அனுப்புமுன் நோய் இருக்கிறதா என்று பரிசோதிக்க வேண்டும், மிஞ்சியதை அங்கிருந்து அகற்ற வேண்டும் அல்லது எரிக்க வேண்டும். அதில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டிருக்கும் நோய்களில் ஒன்று நியூகேஸில். நம்மூரில் வெள்ளைக்கழிச்சல் என்கிறோமே, அதேதான். நாம் கடித்துப்போட்ட எலும்பிலிருந்து அது பென்குயினுக்குப் போய்விடக் கூடாது என்பதுதான் பயம். அது வீண் பயம் என்றும் சொல்ல முடியாது. பறவைக் காய்ச்சல் கிருமி 2024 பிப்ரவரியில் அண்டார்க்டிகப் பெருநிலத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. அதைக் கப்பல் கொண்டுபோகவில்லை, காட்டுப் பறவைகள் வழியாகப் போனது. இருந்தாலும் அதற்கப்புறம் எலும்பு விஷயத்தில் யாரும் விளையாடுவதில்லை. சிக்கன் விங்ஸ் போட்டால், எலும்புக்கென்று மூடி போட்ட வாளி தனி. அதன் பக்கத்திலேயே ஒரு ஆள் நிற்பார்.

காரணம், ஷீத்பில் என்று ஒரு வெள்ளைப் பறவை. புறா அளவைவிடக் கொஞ்சம் பெரியது. கூச்சமே கிடையாது. டெக்கில் இறங்கி, சம்பந்தி வீட்டுக்காரர் மாதிரி மேசைக்கு மேசை நடந்து பார்க்கும். பாவமாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு பருக்கைகூடப் போடக் கூடாது. காகித நாப்கினும் எங்கள் கப்பலில் மேலே வராது. ஒன்று பறந்து கடலில் விழுந்தால் ரப்பர் படகை இறக்கித் துரத்தி எடுக்க வேண்டும்.

எல்லாரும் சாப்பிடுவதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது. யாராலும் உட்கார்ந்து ஆற அமரச் சாப்பிட முடியாது. அப்புறம் பாட்டைப் போட்டுவிடுவார்கள். வீங்கிய ஜாக்கெட்டும் குல்லாயுமாக எழுபது வயதுக்காரர்களெல்லாம் ஆடுவார்கள். இரவு பத்து மணிக்கும் இருட்டாது, அதனால் யாருக்கும் நேரம் தெரியாது. சூடான மசாலா ஒயின் ஆளுக்கு ஒரு கோப்பை கொடுப்போம். இரண்டாவது கேட்டால் நான் கொஞ்சம் யோசிப்பேன். மது உள்ளே போனால் தோலுக்கடியில் ரத்தக்குழாய் விரிந்து சூடு ஏறுவது போலத் தோன்றும், உடம்பு அந்த நேரத்தில் சூட்டை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். கைக்கம்பியில் சாய்ந்து நிற்கிற ஆளுக்கு அது நல்லதில்லை. ஒயின் குடித்தவர்களை அதற்கு மேல் ரப்பர் படகில் ஏற்ற மாட்டோம். அதனால்தான் இந்த விருந்து எப்போதும் கரைக்குப் போய்வந்த பிறகு.

நேயர்களில் யாராவது போகிறவர்கள் இருந்தால் ஒரு விஷயம். நிகழ்ச்சி நிரலில் இந்த விருந்துக்குத் தேதி போட்டிருக்காது. வானிலையைப் பார்த்து அன்று காலையில்தான் சொல்வார்கள். கடைசி நாளுக்கு ஒத்திவைக்கவும் மாட்டார்கள். திரும்பும் வழியில், தென் அமெரிக்காவுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் நடுவில் கொந்தளிக்கிற டிரேக் நீரிணையைத் தாண்ட இரண்டு நாள் பிடிக்கும். அந்த ஆட்டத்தில் உள்ளேயே மேசை விரிப்பை ஈரமாக்கித்தான் தட்டு நழுவாமல் நிறுத்துகிறோம், பாதி பேர் சாப்பிடவே வர மாட்டார்கள். அதனால் காலையில் ஒலிபெருக்கியில் பார்பிக்யூ என்று அறிவித்தால், மதியம் அளவாகச் சாப்பிடுங்கள். மாலையில் முதல் வரிசையில் நில்லுங்கள், தட்டு அப்போதுதான் ஓவனில் இருந்து வந்திருக்கும். ஆட்டுக்கறி வாங்கினால் அடுப்புப் பக்கத்திலேயே நின்று தின்றுவிடுங்கள். திமிங்கிலம் எப்படியும் இன்னொரு தரம் மூச்சுவிட மேலே வரும். வணக்கம்.